நூற்றுக்கு முப்பத்தொரு பிழை

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடைசி நோயாளி இருமிக்கொண்டே படியிறங்கிப் போன பிறகு, டாக்டர் தன் மருத்துவமனையை நவீனப்படுத்தத் தொடங்கினார்.

அது நவீனமாக இல்லை என்ற விஷயமே அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மருத்துவமனை என்று பலகையில் எழுதியிருந்தாலும் மொத்தம் மூன்றே அறைகள். ஒன்றில் டாக்டர் இருப்பார். இன்னொன்றில் ஊசி போடுவார்கள். மூன்றாவது கூடம். அங்கே பன்னிரண்டு நாற்காலி, அதில் ஒன்பதுக்கு நாலு காலும் உண்டு. பெரிசாக இருந்தது பலகை மட்டும்தான். டாக்டரின் பட்டங்களுக்கு வாசல் சுவர் போதாமல், கடைசி இரண்டு பட்டங்கள் மூலை திரும்பிப் பக்கத்து மருந்துக் கடைச் சுவரில் போய் முடிந்தன. அந்த இரண்டுக்கும் மருந்துக் கடைக்காரருக்கு மாதாமாதம் வாடகை போகிறது. காசாளர்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்.

காசாளருக்கு ஐம்பத்தெட்டு வயது. கூடத்து மூலையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருபத்தேழு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். தெருவில் அவருக்குப் 'பதினொரு மணி' என்று பேர். முந்தின நாள் வசூலையும், காப்பீட்டுக் கம்பெனிகள் அனுப்பிய செக்குகளையும் தோல் பையில் போட்டு, மேலே செலானைச் செருகிக்கொண்டு, பதினொன்று அடிக்கும்போது வங்கிக்குக் கிளம்புவார். எதிர்க்கடைத் தையல்காரர் அவர் தலையைப் பார்த்துத்தான் தன் கடிகாரத்தைச் சரிசெய்வார்.

கூட்டத்துக்கு நர்ஸ் அக்கா வந்தார். வரவேற்பு மேசைப் பெண் வந்தாள். அவளுக்கு 'ரேடியோ' என்று பேர் வைத்தவர் யாரென்று தெரியாது. அவளைப் பார்த்த யாரும் காரணம் கேட்டதில்லை. காசாளர் பையை மடியில் வைத்துக்கொண்டு பின் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே டாக்டரின் மச்சான் நின்றார். டாக்டர் மனைவியின் கூடப் பிறந்த தம்பி. இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை தண்ணீர் சுத்தம் செய்யும் கருவி விற்றுக்கொண்டிருந்தார். அதற்கு முன்பு தன்னம்பிக்கை விற்றார். இரண்டிலும் போட்ட முதல் திரும்பாததால் இப்போது ஆலோசகர்.

நோயாளிகளைப் படுக்க வைக்கும் வெள்ளை விரிப்பைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். அதன் மேல் படம் விழுந்தது. நடுவில் ஒரு பழைய மருந்துக் கறை இருந்ததால், ஆலோசகர் காட்டிய உலக வரைபடத்தில் புதிதாக ஒரு தீவு முளைத்திருந்தது.

"உலகம் எங்கேயோ போயிட்டிருக்கு," என்றார் ஆலோசகர். "நாம இன்னும் பையைத் தூக்கிட்டு நடந்துட்டிருக்கோம்."

எல்லாரும் திரும்பிக் காசாளர் மடியைப் பார்த்தார்கள். அவர் பையின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"அடுத்த படத்தைப் பார்த்து யாரும் மனசு கஷ்டப்படக் கூடாது," என்று சொல்லிவிட்டு, எல்லாரும் மனசு கஷ்டப்படும்படி ஆலோசகர் ஒரு சிவப்புத் தூணைக் காட்டினார். "இது வங்கியிலேர்ந்து முறைப்படி கேட்டு வாங்கின அறிக்கை. போன வருஷம் நாம கட்டின செலான் மொத்தம் இருநூத்தி எண்பது. அதுல கூட்டல் தப்பு, தேதி தப்பு, எழுத்துல ஒண்ணு எண்ணுல ஒண்ணு, எல்லாம் சேர்த்து எண்பத்தேழு. நூத்துக்கு முப்பத்தொண்ணு! இந்த வட்டாரத்துலேயே முதலிடம்."

ரேடியோ கூட வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். நீளமான கணக்குப் பட்டியலை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு மொத்தத்தைச் சொல்கிற மனுஷர் காசாளர். வருமான வரிக்குக் கணக்கெழுத வந்த தணிக்கையாளர் விட்ட பிழையை அவருக்கே திருப்பிக் காட்டி, அவர் அதற்கப்புறம் இந்தப் பக்கமே வராமல் செய்தவர்.

"இது நிஜமா?" என்றார் டாக்டர்.

"ஆமா டாக்டர். தப்புதான்," என்றார் காசாளர்.

"கண்ணைக் காட்டினீங்களா?"

"காட்டறேன் டாக்டர்."

"பாருங்க, இதான் பிரச்சினையே," என்று ஆலோசகர் உற்சாகமானார். "மனுஷன்னா கண்ணு இருக்கும், வயசு இருக்கும், கவலை இருக்கும். மிஷினுக்கு இதெல்லாம் கிடையாது. செக்கை உள்ள விட்டா படம் எடுத்து வங்கிக்கு அனுப்பிடும். ரொக்கத்துக்கு வாரம் ஒரு நாள் வங்கியிலேர்ந்து வண்டி வரும். இனிமே இந்த இடத்துலேர்ந்து யாரும் வங்கிப் படியை மிதிக்க வேண்டியதே இல்ல!"

சொல்லிவிட்டு அவரே கைதட்டினார். டாக்டர் தட்டினார். நர்ஸ் அக்கா பக்கத்தில் பார்த்துவிட்டுத் தட்டினார். காசாளரும் தட்டினார். டாக்டர் தட்டும்போது அவர் தட்டாமல் இருந்ததில்லை.

எல்லாரும் போன பிறகு ரேடியோ கண்ணாடித் தடுப்புக்குள் தலையை நீட்டினாள்.

"அண்ணே, எண்பத்தேழு தப்பா? நீங்களா? யாருக்குப் பதிலா பழியை ஏத்துக்கறீங்க?"

"யாருக்கும் இல்லம்மா. நான்தான்."

"போங்கண்ணே. நான் ஒரு நாள் சில்லறையில ரெண்டு காசு விட்டதுக்கு மேசைக்கு அடியில என்னைத் தவழ விட்டீங்க. என் முழங்கால் இன்னும் உங்களைத் திட்டுது. உண்மையைச் சொல்லுங்க."

காசாளர் இழுப்பறையைப் பூட்டினார். பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். அப்புறம், ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லாததை, ஊரெல்லாம் ஒலிபரப்பும் ரேடியோவிடம் போய்ச் சொன்னார்.

"வங்கியில மூணாம் கவுண்டர்ல இருக்கறது என் பொண்ணும்மா."

ரேடியோ அன்றைக்கு அதை யாருக்கும் ஒலிபரப்பவில்லை. அதற்கப்புறமும் இல்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் காசாளரின் மனைவிக்கு வயிற்று வலி வந்தது. டாக்டர் கையை வைத்து அழுத்திப் பார்த்து, "வெறும் வாயு," என்றார். ஒரு மருந்துத் தண்ணீர் எழுதிக் கொடுத்தார். ஒரு மாதம் குடித்தாள். இரண்டு மாதம் குடித்தாள். சாப்பாடு குறைந்தது, உடம்பு பாதியானது. பாட்டில் மட்டும் தீரத் தீரப் புதிதாக வந்துகொண்டிருந்தது. மகள் அப்போதுதான் வங்கி வேலையில் சேர்ந்திருந்தாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அலைந்து திரிந்து நாள் குறித்து வாங்கிக்கொண்டு, காலையில் வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அம்மா செருப்புக்கூடப் போட்டுக்கொண்டுவிட்டாள்.

"இறங்கு," என்றார் காசாளர். "டாக்டர் சொல்லியாச்சு. அவரை மீறி இன்னொரு இடத்துக்குப் போனா அவருக்கு என்ன மரியாதை?"

அம்மா கணவரையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். வண்டியிலிருந்து இறங்கி, வாசல் படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றினாள். வண்டிக்காரருக்குக் காத்திருந்த கூலியை மகள் கொடுத்தாள்.

மூன்று மாதம் கழித்து அதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, அங்கே இருந்த பெண் டாக்டர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். பதினெட்டு நாள். எல்லாம் முடிந்தது. டாக்டர் அப்போது வெளிநாட்டில் ஒரு மாநாட்டில் வயிறு சம்பந்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். அனுதாப அட்டை ஒன்று வந்தது. கையெழுத்தையும் சேர்த்து அச்சடித்திருந்தார்கள்.

மகள் துணிமணிகளை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று, "உங்க டாக்டரோட மரியாதையைக் காப்பாத்தியாச்சுல்ல?" என்றாள். போய்விட்டாள்.

ஐந்தாறு மாதம் கழித்து, ஒரு நாள் பதினொன்றே காலுக்கு, மூன்றாம் கவுண்டரில் அவளைப் பார்த்தார். மாற்றல் ஆகி வந்திருந்தாள். தானாகக் கேட்டு வந்தாளா, வங்கி தூக்கிப் போட்டதா என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் வழியில்லை. நிமிர்ந்து பார்த்தாள். பணத்தை எண்ணினாள். முத்திரை குத்தினாள். அடிக்கட்டையைக் கிழித்துத் தள்ளினாள். ஒரு வார்த்தை இல்லை. மறுநாளும் இல்லை. இரண்டு மாதம் அப்படியே போயிற்று.

அப்புறம் ஒரு நாள், தூங்காத கண்ணோடு எழுதினதில், நிஜமாகவே ஏழு என்ற எண்ணை ஒன்று என்று படித்துக் கூட்டிவிட்டார்.

"கூட்டல் தப்பா இருக்கு, சார். மாத்தி எழுதுங்க."

ஆறு வார்த்தை. அதில் ஒன்று 'சார்'. போகட்டும். "ஆமா மேடம், தப்புதான். மாத்திடறேன்," என்று சொல்லிவிட்டு, பக்கத்து மேசையில் போய் மாற்றி எழுதினார். அவசரத்தில் இரண்டாவதும் தப்பானது. மூன்றாவது செலானோடு அவர் வெளியே வந்தபோது தெரு முழுக்க வெளிச்சமாக இருந்தது.

அன்றிலிருந்து அவர் பிழை செய்யக் கற்றுக்கொண்டார். கணக்கை ஒழுங்காகப் போடக் கற்றுக்கொண்டதைவிட அது கஷ்டமாக இருந்தது. ரொம்பப் பெரிய பிழை என்றால் மேனேஜரிடம் போய்விடும், மேனேஜர் பேசுவார். அவருக்கு மேனேஜர் எதற்கு? அடுத்தடுத்த நாள் செய்தால் சந்தேகம் வரும். அதனால் மூன்று நாளைக்கு ஒன்று. ஒரு தடவை முப்பது நாளே உள்ள மாதத்தில் முப்பத்தொன்று என்று தேதி போட்டார். "இந்த மாசத்துல அப்படி ஒரு நாள் இல்லையே, சார்," என்றாள். உதட்டோரத்தில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. இன்னொரு தடவை, மழை நாளில், "கண்ணாடியை மாத்துங்க," என்றாள். அதில் 'சார்' இல்லை. அதை வைத்துக்கொண்டு அவர் ஒரு மாதம் ஓட்டினார். கண்ணாடியை மாற்றவில்லை. மாற்றினால் மறுபடி சொல்ல மாட்டாளே.

ஆக, அந்தச் சிவப்புத் தூணை அடி முதல் நுனி வரை கட்டினவர் அவரேதான். அதைக் காட்டித்தான் இப்போது அவர் போகிற வழியை அடைத்தார்கள்.

"இதுக்கு எதுக்கு அண்ணே இந்த முகம்?" என்றாள், எல்லாவற்றையும் கேட்டு முடித்த ரேடியோ. குரல் வழக்கத்தைவிடக் கீழே இருந்தது. "மதியம் சாப்பாட்டு நேரத்துல போங்க. உங்க சொந்தக் கணக்குல ரெண்டு காசு போட்டுட்டு வாங்க. யாரு தடுக்கப் போறா?"

"இப்ப நான் போறது டாக்டர் ஆளா. பையைக் கொண்டுபோய் நீட்டினா அவ வாங்கித்தான் ஆகணும். சும்மா போனா அப்பனா போய் நிக்கணும்மா. அதுக்கு ஒரு தகுதி வேணும்ல?"

"அப்ப அந்த அப்பனா போயே நில்லுங்களேன். தெரியாம பண்ணிட்டேன், தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

காசாளர் இழுப்பறைப் பூட்டை மறுபடி இழுத்துப் பார்த்தார்.

"நான் தப்புன்னு சொன்னா டாக்டர் சொன்னது தப்புன்னு ஆயிடுமே."

ரேடியோ அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா வாழ்ந்தீங்கண்ணே," என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

திங்கட்கிழமை அவர் டாக்டர் அறைக்குப் போனார். வாரத்தில் இரண்டு நாளாவது, இல்லை ஒரு நாளாவது, பையை எடுத்துக்கொண்டு போக அனுமதி கேட்பது என்று முடிவு செய்திருந்தார். டாக்டர் சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டர், அந்த மிஷின் விஷயமா..."

"தெரியும், தெரியும். வேலை போயிடும்னு பயம். உங்களை நான் விட்டுடுவேனா? நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம். இந்த வயசுல இதைவிட என்ன வேணும்?"

"அதில்ல டாக்டர். வங்கியில என் பொண்ணு..."

"அட, பொண்ணு வங்கியிலயா இருக்கா? நல்லதாப் போச்சு. நம்ம கணக்கைக் கொஞ்சம் கவனிச்சுக்கச் சொல்லுங்க." அடுத்த சான்றிதழைப் புரட்டினார். "வீட்டுல அம்மா எப்படி இருக்காங்க? அந்த வயித்து வலி?"

சுவரில் மாட்டியிருந்த பட்டங்களைக் காசாளர் பார்த்தார். வாசல் பலகையில் இருந்தவை இங்கே மறுபடி சட்டம் போட்டுத் தொங்கின.

"இப்ப வலி இல்ல டாக்டர்," என்றார்.

"பார்த்தீங்களா! நான் அன்னைக்கே சொன்னேன். வெறும் வாயு." டாக்டர் சந்தோஷமாக நிமிர்ந்தார். "அந்த மருந்தை மட்டும் விட வேண்டாம்னு சொல்லுங்க."

"சரி டாக்டர்," என்று சொல்லி, கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு வெளியே வந்தார். தடுப்புக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. 'வலி இல்ல' என்று அவர் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. டாக்டர் மனசு சங்கடப்படக் கூடாதே என்று சொன்னார்.

புதன்கிழமை மிஷின் வந்தது. செருப்புப் பெட்டி அளவுதான் இருந்தது. ரிப்பன் வாங்க மறந்துவிட்டார்கள். நர்ஸ் அக்கா காயத்துக்குச் சுற்றும் துணியை எடுத்துக் கட்ட, டாக்டர் தையல் பிரிக்கும் கத்திரியால் அதை வெட்டினார். "மருத்துவ வரலாற்றில்..." என்று தொடங்கி இருபது நிமிஷம் பேசினார். காத்திருந்த நோயாளிகளில் இரண்டு பேருக்கு அதற்குள் காய்ச்சல் தானாக இறங்கிவிட்டது. ஆலோசகர் முதல் செக்கைத் தலைகீழாக விட்டார். மிஷின் அதைத் துப்பியது. "இப்படித்தான் அது நம்மளைப் பழக்கும்," என்று அவர் விளக்கினார்.

"எச்சில் துப்பாதீர்னு அதுக்கு ஒரு பலகை எழுதி வைக்கலாம் சார்," என்றாள் ரேடியோ. ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒரு வேலை மட்டும் பாக்கி இருந்தது. கவுண்டர் சேவை இனி வேண்டாம் என்று ஒரு விண்ணப்பம். இத்தனை நாள் பணம் கட்டி வந்தவரே நேரில் வந்து, வங்கி ஊழியர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, கடைசிப் பையோடு, அந்தக் காகிதத்தையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காசாளர் கிளம்பினார்.

மூன்றாம் கவுண்டர் முன்னால் ஏழு பேர் நின்றார்கள். அவர் எட்டாவது. அவள் முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். இடது கையால் நோட்டுக் கட்டைத் தட்டிச் சமமாக்கும்போது அவள் அம்மா துணி மடிக்கிற மாதிரியே இருந்தது. இதையெல்லாம் கண்ணில் வாங்கி வைத்துக்கொள்ள அவருக்கு ஏழு பேர் நேரம் கிடைத்தது. நடுவில் இன்னும் நாலு பேர் நுழைந்திருந்தாலும் வழி விட்டிருப்பார்.

செலானைத் தள்ளினார். அவள் கூட்டிப் பார்த்தாள். மறுபடி கூட்டினாள்.

"சரியா இருக்கு," என்றாள்.

"ஆமா," என்றார். விண்ணப்பத்தை எடுத்து வைத்தார்.

அவள் படித்தாள். படித்து முடித்த பிறகும் கண்ணை எடுக்கவில்லை.

"நாளையிலேர்ந்து வர மாட்டீங்க."

"மிஷின் வந்திருக்கு."

"தெரியும். அந்தத் தப்புக் கணக்கை எடுத்துக் கொடுத்ததே நான்தான்."

"நீயா?"

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக 'நீ' என்று வந்துவிட்டது. அவள் அதைக் கவனித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மேனேஜர் ஒரு வருஷத்துக்குத்தான் கேட்டார். என்கிட்ட ஆறு வருஷமும் இருக்கு. ஐநூத்திப் பன்னெண்டு. கூட்டல் தப்பை நாங்களே திருத்தி ஓரமா கையெழுத்துப் போட்டுக்கலாம். மத்த கவுண்டர்ல எல்லாம் அப்படித்தான் பண்றாங்க. நான் ஒரு தடவைகூடப் பண்ணல. ஒவ்வொரு தடவையும் உங்களைக் கூப்பிட்டுச் சொன்னேன்."

அவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"ஒவ்வொரு தடவையும் 'ஆமா, தப்புதான்'னு உடனே ஒத்துக்கிட்டீங்க," என்றாள். "இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு, இதோட அதையும் சொல்லிடுவீங்கன்னு உட்கார்ந்திருந்தேன். ஐநூத்திப் பன்னெண்டு தடவை. உங்களுக்கு வாய் வரல. இன்னும் ஆறு வருஷம் என்னால இப்படி உட்கார முடியாதுப்பா. அதான் கொடுத்தேன்."

அப்பா. கடைசி எழுத்தாக ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இதுதான் நேரம் என்று அவருக்குத் தெரிந்தது. இதற்கு மேல் ஒரு நேரம் கிடையாது என்றும் தெரிந்தது. அவள் முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு, குத்தாமல், அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ இருமினார்கள். காசாளர் இரண்டு கையாலும் பலகை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"டாக்டர் அன்னைக்கு..."

அவ்வளவுதான். இருபத்தேழு வருஷமாக அவர் பேசின எல்லாமே அந்த வார்த்தையில்தான் ஆரம்பித்தது. நாக்கு வழி தெரிந்த மாடு மாதிரி அங்கேயே போய் நின்றது. உடனே மென்று விழுங்கப் பார்த்தார். விழுங்க முடிகிற வார்த்தை இல்லை.

அவள் முகத்தில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். முத்திரையை மையில் ஒற்றி, விண்ணப்பத்தின் மேல் பதமாக ஒரே குத்து குத்தினாள். அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். போட்டார். அடிக்கட்டையைக் கிழித்துக் கொடுத்தாள்.

"அடுத்தவங்க வாங்க."

தெருவில் வெயில் ஏறியிருந்தது. காலிப் பையோடு நடந்தார். பழக்கடையைத் தாண்டினார். பூட்டுக்குச் சாவி போடுகிறவர் கேட்டார், "என்ன பதினொரு மணி, இன்னைக்குப் பன்னெண்டாக்கிட்டீங்க?" பதில் சொல்ல வாயெடுத்தபோது, யாரும் கேட்காமலே, அது முழுசாக வந்தது. நான்தான் தப்பு பண்ணினேன். வண்டியிலேர்ந்து இறங்கச் சொன்னது நான். டாக்டர் இல்ல. நான். ஒரு எழுத்து தட்டாமல் வரிசையாக வந்தது. சாவிக்காரர் விழித்தார்.

காசாளர் திரும்பினார். அந்தத் தெருவில் அவர் வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை.

மூன்றாம் கவுண்டர் முன்னால் இப்போது ஐந்து பேர். ஆறாவதாக நின்றார். கையில் செலான் இல்லை, செக் இல்லை, பைக்குள்ளே எதுவும் இல்லை. அவள் இரண்டாவது ஆளுக்குப் பணம் எண்ணிக்கொண்டே நிமிர்ந்தவள், அவரைப் பார்த்துவிட்டாள். எண்ணிக்கை தவறியது. மறுபடி முதலிலிருந்து எண்ணி, அந்த ஆளை அனுப்பிவிட்டு, பக்கத்துக் கவுண்டரின் வழுக்கைக்காரரிடம் ஏதோ சொல்லி எழுந்து உள்ளே போனாள். வழுக்கைக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே வந்து அவள் இடத்தில் உட்கார்ந்தார்.

உள்ளே, கோப்பு அலமாரிகளுக்கு நடுவில், அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

அவர் முறை வந்தது.

"செலான்?" என்றார் வழுக்கைக்காரர்.

"இல்ல."

"பணம் எடுக்கணுமா?"

"இல்லைங்க. அதோ உள்ள நிக்கறாங்களே, அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

"வேலை நேரம் சார். நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

தினமும் வந்து போன இடம். அங்கே இதை யாரும் அவரைக் கேட்டதில்லை.

"அப்பா," என்றார்.

வழுக்கைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "பதினொரு மணி... நீங்களா?" என்று ஏதோ ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டு, எழுந்து உள்ளே போனார். வரிசையில் ஒரு அம்மா, "இன்னைக்கு வேலை ஆன மாதிரிதான்," என்றாள். வழுக்கைக்காரர் திரும்பி வந்தார். தர்மசங்கடமாகத் தலையைத் தடவிக்கொண்டார்.

"டாக்டர் அனுப்பினாரா, நீங்களா வந்தீங்களான்னு கேட்டு வரச் சொல்றாங்க."

"நானா வந்தேன்."

மறுபடி உள்ளே போனார். மறுபடி வந்தார். அவரே மூச்சு வாங்கினார்.

"என்ன விஷயம்னு என்கிட்டயே சொல்லிவிடச் சொல்றாங்க சார். அவங்களுக்கு இப்ப வெளியில வர முடியாதாம்."

பேர்கூடத் தெரியாத ஒரு மனுஷரிடம், பின்னால் ஆறு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, காசாளர் சொன்னார்.

"அவங்கம்மாவை வண்டியிலேர்ந்து இறக்கினது நான்தான்னு சொல்லுங்க. யார் சொல்லியும் இல்ல. நானேதான். கூட்டிட்டுப் போயிருந்தா பிழைச்சிருப்பா. தப்பு என்னோடதுன்னு சொல்லுங்க."

முணுமுணுத்துக்கொண்டிருந்த அம்மா ஒரு அடி பின்னால் நகர்ந்து இடம் விட்டாள். வழுக்கைக்காரர் அதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வது உதட்டில் தெரிந்தது. தொகையைச் சரிபார்க்கிற மாதிரி. பிறகு மெதுவாக உள்ளே போனார்.

அலமாரிகளுக்கு நடுவில் அவர் பேசுவதும், அவள் கேட்பதும் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. சத்தம் வரவில்லை. அவள் அலமாரிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை குனிந்தது. தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது. திரும்பவில்லை. வழுக்கைக்காரர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அவள் கையை லேசாக அசைத்த பிறகு வந்தார்.

"சொல்லிட்டேன் சார்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல." கொஞ்சம் தயங்கினார். "முழுக்கக் கேட்டாங்க."

காசாளர் தலையாட்டினார். உள்ளே பார்த்தார். அவள் இன்னும் அங்கேயேதான் நின்றாள். ஒரு பழைய கோப்பை எடுத்து, புரட்டாமல், கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதுங்களா?" என்று பின்னாலிருந்தவர் மரியாதையாகக் கேட்டார்.

"முடிஞ்சுது," என்று சொல்லிக் காசாளர் வரிசையை விட்டு ஒதுங்கி நின்றார்.